பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்பும் அந்த அக்கா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. சுயதொழில் உதவிக்கான படிவங்களை நான் அடுக்கிக் கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, உங்களிட்ட ஒரு விசயம் கேக்கோணும்" என்றார்.

அவருடைய மகள் பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். குடிசார் பொறியியல். கொழும்பில் ஒரு கட்டட நிர்மாணக் கொம்பனியில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. "நான் விடமாட்டன் எண்டிட்டன். தெரியாத ஊர், பொம்பிளைப் பிள்ளை. படிச்சு முடியட்டும், பிறகு அரசாங்கம் ஏதும் வேலை தரும்தானே. நான் சொன்னது சரிதானே தங்கச்சி?"

சில வருடங்களுக்கு முன்பென்றால் "சரி அக்கா" என்று சொல்லியிருப்பேன். உண்மையைச் சொன்னால், இன்னொரு தாய்க்கு அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். அவருடைய மகன் 2021ஆம் ஆண்டு மின் பொறியியலில் பட்டம் பெற்றவர். ஒரு தனியார் கொம்பனியில் குறைந்த சம்பளத்தில் வேலை வந்தபோது போகலாமா என்று தாய் என்னிடம் கேட்டார். முந்திய வருடம்தான் அரசாங்கம் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுனர்களாகச் சேர்த்திருந்தது. "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, அடுத்த நியமனம் வரும்" என்றேன். 2022இல் நாட்டில் எரிபொருளும் இல்லை, டொலரும் இல்லை என்ற நிலை வந்தது. அரச ஆட்சேர்ப்பு சுருங்கியது. அந்தப் பிள்ளை ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டு, தன்னோடு படித்தவர்களுக்குக் கீழே ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தாய் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வழியில் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் அவ்வாறு சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் சமூகவியல் படித்தவள். எம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கு நியமனம் என்றால் அரச நியமனம்தான். 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் கொட்டகை போட்டுப் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நினைப்பையே பொறியியல் படித்த பிள்ளைக்கும் பொருத்தினேன். அது பிழை. பொறியியல் பட்டதாரிக்கு வேலை தேடும் காலம் பட்டமளிப்பு விழாவுக்குப் பின் தொடங்குவதில்லை. மூன்றாம் வருடத்திலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

பயிற்சி என்பது வெறும் பயிற்சியல்ல

பேராதனை, மொறட்டுவை, உறுகுணை, தென்கிழக்கு, சிறி ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களில் பொறியியல் பீடங்கள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. எங்கு படித்தாலும் படிப்பு நான்கு வருடம். அதற்குள் சில மாதங்கள் கைத்தொழிற் பயிற்சிக்குப் போக வேண்டும். கால அளவு பீடத்துக்குப் பீடம் வேறுபடும். நைட்டா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து இந்த ஒழுங்குகளைக் கவனிக்கிறது.

இந்த மாதங்களைத் தாய்மாரில் பலர் பாடத்திட்டத்தில் உள்ள ஒரு சடங்கு என்றே நினைக்கிறார்கள். கொம்பனிகள் அப்படி நினைப்பதில்லை. அவர்களுக்கு இது ஒரு நீண்ட நேர்முகப் பரீட்சை. காலை நேரத்துக்கு வருகிறாளா, தெரியாததைக் கேட்கிறாளா, சொன்ன அளவை எடுத்துக் குறித்து வைக்கிறாளா என்று மூத்த பொறியியலாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னர் வெற்றிடம் வரும்போது பத்திரிகை விளம்பரத்துக்கு முன்பே, "போன முறை வந்த அந்தப் பிள்ளை எங்கே?" என்று தேடுவதும் உண்டு. வேலை கிடைக்காவிட்டாலும், "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்" என்று சொல்லக்கூடிய ஒருவர் கிடைப்பார். எமது பிள்ளைகளுக்கு இல்லாதது அதுதான். கொழும்பில் மாமா இல்லை, கொம்பனி முகாமையாளரைத் தெரிந்த சித்தப்பா இல்லை. அந்த அறிமுகத்தைப் பிள்ளை தானே உழைத்துத் தேடிக்கொள்ளும் இடம் இந்தப் பயிற்சி.

அந்த அக்காவின் பயம் வீண் பயம் அல்ல. அதை நான் தட்டிக் கழிக்கவில்லை. 2009இல் ஏழு வயதுப் பிள்ளையை முள்ளிவாய்க்காலிலிருந்து கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர். கூட்டத்தில் கை நழுவி ஒரு இரவு முழுவதும் தேடியிருக்கிறார். அவரிடம் போய் "கொழும்பு பாதுகாப்பான இடம், பயப்படாதீர்கள்" என்று பேச எனக்கு என்ன உரிமை? ஆகவே வேறு விதமாகக் கதைத்தோம். விடுவதா, விடாமல் இருப்பதா என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, போவதென்றால் எவையெல்லாம் தெரிய வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதினோம்.

வேலைத்தளம் எங்கே, அலுவலகமா அல்லது கட்டடம் எழும்பும் இடமா? எத்தனை மணிக்கு வேலை முடியும்? அங்கே வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா? பெண்களுக்கு மலசலகூடம் உண்டா? பாதுகாப்புத் தலைக்கவசமும் பாதணியும் கொம்பனி தருமா? மாதம் ஏதும் கொடுப்பனவு உண்டா? (சில இடங்களில் உண்டு, சில இடங்களில் ஒரு சதமும் இல்லை. முற்கூட்டியே கேட்டால்தான் தங்குமிடச் செலவைக் கணக்குப் போடலாம்.) பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன? தொல்லை ஏதும் நேர்ந்தால் பிள்ளை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938 என்பதையும் பிள்ளையின் போனில் பதிந்து வைக்கச் சொன்னேன்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் இடம் பறிபோகும் என்று மகள் பயந்தாள். பறிபோகவில்லை. கொம்பனியிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதே தளத்தில் முன்பு பயிற்சி பெற்ற ஒரு தமிழ்ப் பிள்ளையின் இலக்கத்தையும், அந்தப் பிள்ளையைக் கேட்டுவிட்டு, கொடுத்தார். வெள்ளவத்தையில் அறை பிடித்தது அந்தப் பிள்ளை மூலம்தான்.

ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும்

வேலை தேடலில் தாய்மார் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால் முதலில் ஆவணங்களைத்தான் சொல்வேன். ஆங்கிலம் தெரியாது, பொறியியல் தெரியாது என்று ஒதுங்கும் தாய்மாருக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். இழந்த கடதாசிகளைத் தேடி எத்தனை கந்தோர் வாசல்களில் நின்றவர்கள் நாம்!

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து பிறகு பிரதி எடுத்திருப்போம். ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயர் ஒரு எழுத்துக்கூட்டல், தேசிய அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் மூன்றாவது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, மற்ற இடத்தில் முதலெழுத்தாக. பள்ளிக்கூடம் போகும்வரை இது பிரச்சினையாகத் தெரியாது. நியமனக் கடிதம் எழுதும் வேளையிலோ கடவுச்சீட்டு எடுக்கும் வேளையிலோதான் "இது ஒரே ஆளா?" என்று கேட்பார்கள். அப்போது ஓடினால் வேலையில் சேரும் திகதி தவறிவிடலாம்.

பிள்ளை இரண்டாம் வருடத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பதிவில் திருத்தம் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேட்க வேண்டும். சில வேறுபாடுகளுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசி போதுமானதாக இருக்கும், சிலவற்றுக்குப் போதாது. எது போதும் என்பதைக் கந்தோரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் நிற்கும் தரகரிடம் கேட்க வேண்டாம். மூலப் பிரதிகளை ஒரு கோவையில் வைத்து, போனில் படம் பிடித்துப் பிள்ளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இதன் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

மகளுடைய சுயவிபரக்கோவையை நானும் பார்த்தேன். ஐந்து பக்கம். பாலர் பாடசாலை முதல் எல்லாம் இருந்தது. மதம் இருந்தது. "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் ஒரு சிறு கோடு இருந்தது.

பொறியியல் விடயம் எனக்குத் தெரியாது என்பதால், தனியார் கொம்பனி ஒன்றில் ஆட்களைத் தெரிவு செய்து பழகிய ஒரு நண்பியிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே நாலு பக்கத்தை வெட்டச் சொன்னார். புதிதாகப் படித்து முடிக்கும் ஒருவருக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். மேலே பெயர், தொலைபேசி, ஒழுங்கான ஒரு மின்னஞ்சல் முகவரி. (செல்லப் பெயரிலும் நடிகர் பெயரிலும் தொடங்கிய முகவரிகளை விட்டுவிட வேண்டும்.) அதன் கீழ் பட்டப்படிப்பு, இதுவரை பெற்ற சராசரிப் புள்ளி, செய்த செயற்றிட்டங்கள், பயிற்சி, கையாளத் தெரிந்த மென்பொருள்கள், பேசும் மொழிகள், இரண்டு உசாத்துணையாளர்கள். செயற்றிட்டம் என்றால் தலைப்பை மட்டும் போடக்கூடாது. "நாலு பேர் செய்தோம், அதில் நான் செய்தது இது" என்று இரண்டு வரி எழுத வேண்டும். தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று எழுதினால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

தந்தையின் தொழில், மதம், குடும்ப நிலை ஒன்றும் தேவையில்லை என்று நண்பி சொன்னபோது மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகுதான் சொன்னாள். முதல் முறை வேறொரு கொம்பனிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பழகியபடி குடும்பத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். அம்மா, இரண்டு தம்பிமார், அப்பா... அந்த இடத்தில் குரல் அடைத்துவிட்டது. அப்பா 2009இலிருந்து இல்லை. இறந்துவிட்டார் என்று சொல்ல அவளால் முடியாது, இருக்கிறார் என்று சொல்லவும் முடியாது. கேட்டவர்கள் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். வேலையைப் பற்றி அவர்கள் கேட்ட மற்றக் கேள்விகளுக்கு அவளால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இடம் கிடைக்கவில்லை. இதை அவள் தாயிடம் சொல்லவே இல்லை.

இந்த மாசிகையை வாசிக்கும் எத்தனையோ வீடுகளில் இந்தக் கோடு இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நேர்முகப் பரீட்சையில் "உங்களைப் பற்றி" என்றால் அவர்கள் கேட்பது வேலைக்குரிய ஆளைப் பற்றி. "நான் குடிசார் பொறியியல் மூன்றாம் வருட மாணவி. நீரியலில் விருப்பம். இந்தச் செயற்றிட்டத்தில் இதைச் செய்தேன். உங்கள் கொம்பனியில் இதைக் கற்க விரும்புகிறேன்." ஒன்றரை நிமிடம் போதும். அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அவரை மறைப்பதும் அல்ல, மறப்பதும் அல்ல. யாராவது நேரே கேட்டால், "அப்பா எங்களோடு இல்லை, அம்மாதான் வளர்த்தவர்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிய கதைக்குத் திரும்பலாம். அந்த ஒரு வசனத்தை அவள் என் அலுவலக அறையில் ஆறேழு தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் மூன்று தடவையும் முடியவில்லை.

ஆங்கிலம் பற்றிய பயமும் இருக்கிறது. விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, ஆகவே எமது பிள்ளைகளுக்கு வாசித்து விளங்கும். பேசத்தான் கூச்சம். அதற்கு வேறு மருந்து இல்லை, பேசியே பழக வேண்டும். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகு என்று ஒன்று இருக்கிறது. மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்தித் தரும்படி அங்கே கேட்கலாம். கேட்காமல் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். சிங்களமும் தேவை. தளத்தில் மேசன்மாரோடும் மேற்பார்வையாளரோடும் கதைக்கும் மொழி பெரும்பாலும் அதுதான். அரச சேவையில் சேர்ந்தாலும் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டியிருக்கும்.

இணையவழி நேர்முகப் பரீட்சை என்றால் பிள்ளை வீட்டுக்கு வராமல் பல்கலைக்கழகத்தில் நின்றே செய்வது நல்லது. ஒரு வீட்டில் முக்கியமான கேள்வி நேரத்தில் சேவல் கூவியதும், தாய் அதைத் துரத்தியதும் கொம்பனிக்காரர் காதில் விழுந்த கதை எனக்குத் தெரியும். (அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.)

எங்கே தேடுவது

அரச வேலையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலங்கைப் பொறியியல் சேவைக்கு ஆட்சேர்ப்பு நடக்கும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது, தமிழிலும் வருகிறது, இணையத்திலும் பார்க்கலாம். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை போன்றவை தமது இணையத்தளங்களிலும் ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்கின்றன. விண்ணப்பிக்கட்டும். ஆனால் விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். தனியார் துறையில் வேலை செய்துகொண்டே அரச பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அனுபவம் வீணாகாது. பட்டம் பெற்ற உடனே ஒருவர் பட்டயப் பொறியியலாளர் ஆகிவிடுவதில்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில் இணைந்து, சில வருட அனுபவத்தின் பின் அவர்களின் மதிப்பீட்டுக்கு முகங்கொடுத்தே அந்தத் தகைமையைப் பெற வேண்டும். வீட்டில் இருந்த வருடம் அந்தக் கணக்கில் சேராது.

தனியார் துறையில் கணினிப் பொறியியலுக்கும் குடிசார் பொறியியலுக்கும் சந்தை ஒன்றல்ல. மென்பொருள் கொம்பனிகள் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளும் உண்டு. கட்டட நிர்மாணத் துறை 2022இல் விழுந்தபோது எத்தனையோ திட்டங்கள் பாதியில் நின்றன, பொறியியலாளர் பலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். இயந்திரப் பொறியியல் படிக்கும் பிள்ளையின் தாய் ஒருவர் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலை என்றதும் முகம் சுளித்தார். "மெசினில இருந்து தைக்கவோ என்ர பிள்ளை படிச்சவள்?" தைப்பதற்கு இல்லை அம்மா. அங்கே கொதிகலன் இருக்கிறது, காற்றழுத்த இயந்திரங்கள் இருக்கின்றன, மின் வழங்கல் இருக்கிறது, நூற்றுக்கணக்கான தையல் இயந்திரங்களின் ஒழுங்கைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. அதற்குப் பொறியியலாளர் வேண்டும். (தைப்பவர்களின் உழைப்பைச் சிறுமையாகப் பேசுவதும் சரியல்ல என்று அவரிடம் சொன்னேன். எமது சங்கத்தின் பாதிப் பெண்கள் அந்த வேலைதான் செய்கிறார்கள்.)

வேலை பற்றிய செய்தி முதலில் வந்து சேருவது பெரும்பாலும் முன்னைய வருட மாணவர்களிடமிருந்துதான். லிங்க்ட்இன், டொப்ஜொப்ஸ் போன்ற தளங்களும் உண்டு. பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள் என்று ஏசுவதற்கு முன் என்ன பார்க்கிறாள் என்று ஒருமுறை கேளுங்கள்.

வெளிநாடு என்றால் மட்டும் நின்று நிதானியுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பு நாடானது. ஆகவே அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு வெளியிலும் மதிப்புண்டு. பிள்ளையின் பட்டப்படிப்பு அந்த அங்கீகாரம் பெற்றதா என்று பீடத்தில் கேட்கலாம். ஆனால் சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு வேலை மாற்றலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இலங்கையர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட செய்திகள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் வந்தன. முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உள்ளூரிலும் வேலை தருவதற்கென்று காசு கேட்கும் இடத்தில் வேலை இருக்காது. தாலிக்கொடியை அடகு வைத்து இப்படிக் கொடுத்த ஒருவரின் வழக்கு இன்னும் என் கோவையில் இருக்கிறது.

அந்த அக்காவின் மகள் பயிற்சிக்குப் போனாள். முதல் இரண்டு கிழமையும் தாய் இரவில் நித்திரை கொள்ளவில்லை. மகள் ஒவ்வொரு நாளும் அறைக்குத் திரும்பியதும் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒருநாள் வந்த பதிவில் பின்னால் கொங்கிரீட் கலக்கும் சத்தம் கேட்டது, நேரம் இரவு எட்டு மணி. தாய் எனக்கு எடுத்து அழுதார். அன்று தளம் போடும் வேலை, இடையில் நிறுத்த முடியாது, ஆகவே எல்லோரும் நின்றிருக்கிறார்கள். கொம்பனி வாகனத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் இதை முற்கூட்டியே வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று மகளுக்கு நானும் ஏசினேன்.

பயிற்சி முடிந்துவிட்டது. பட்டம் முடியும்போது விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள், உறுதிமொழி எதுவும் தரவில்லை. அவள் இப்போது இறுதி வருடச் செயற்றிட்டத்தில் இருக்கிறாள். வேறு மூன்று இடங்களுக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். ஒன்றிலிருந்து முடியாது என்று பதில் வந்துவிட்டது.

தாய் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அழைப்பெடுக்கிறார். "தங்கச்சி, இண்டையான் வர்த்தமானியில ஏதும் கிடக்கோ?" மகளுக்கு மட்டுமல்ல, பக்கத்து வளவில் மின் பொறியியல் படிக்கும் பெடியனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார். போன கிழமை எனக்கு நேரம் கிடைக்கவில்லை. தானே இளைய மகனின் போனில் தேடி எடுத்துவிட்டு, அதில் உள்ள ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்.